காட்டைக் கடக்கும் அலைகள்

மழைக்காட்டுப் பாதையில் நடந்து செல்வோர் தங்கள் திறன்பேசியின் திரையைப் பார்த்துக்கொண்டே சென்றால் ஒன்றைக் கவனிக்கலாம். காட்டின் விளிம்பில் நான்கு கோடுகளாக இருந்த அலைவலிமை, சற்றுத் தூரம் உள்ளே சென்றதும் இரண்டாகக் குறையும். மேலும் நடந்தால் ஒன்றாகும். பிறகு அதுவும் மறைந்துவிடும். தொலைத்தொடர்புக் கோபுரம் அதே இடத்தில்தான் நிற்கிறது. தூரமும் பெரிதாகக் கூடிவிடவில்லை. இடையில் வந்தவை மரங்கள் மட்டுமே.

இது சிறு தொல்லையாகத் தோன்றலாம். ஆனால், வழி தவறிய மலையேறி ஒருவரைத் தேடிச் செல்லும் மீட்புக் குழுவுக்கு இது உயிர் காக்கும் சிக்கல். குழுவினர் ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் போனால், தேடும் பணியே தடைப்படும். கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, சபா மாநிலத்தின் உட்புறச் சிற்றூர்களில் மாணவர்கள் சிலர் இணையத் தொடர்பைத் தேடி மேடுகளிலும் மரங்களிலும் ஏற நேர்ந்தது. அவர்களுக்கு இது கல்வியைப் பற்றிய சிக்கல்.

கோபுரத்தை எங்கே அமைப்பது, எவ்வளவு உயரமாக அமைப்பது, எந்த அலையைப் பயன்படுத்துவது? இக்கேள்விகளுக்கு விடை காண வேண்டுமானால், மரங்கள் வானொலி அலைகளை என்ன செய்கின்றன என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதை ஊகித்து அறிய இயலாது. அளந்துதான் அறிய வேண்டும்.

அலையும் அதன் நீளமும்

வானொலி, தொலைக்காட்சி, திறன்பேசி, வாக்கி-டாக்கி ஆகிய அனைத்தும் மின்காந்த அலைகளைக் கொண்டே செய்திகளை அனுப்புகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மின்காந்த அலையே. இவ்வலைகள் எல்லாம் வெற்றிடத்தில் ஒரே வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 300,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. அவற்றிடையே உள்ள வேறுபாடு அலைநீளத்தில்தான் இருக்கிறது. ஓர் அலையின் முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட தூரமே அலைநீளம். ஒரு நொடியில் எத்தனை அலைகள் தோன்றுகின்றன என்பதைக் காட்டுவது அதிர்வெண். அதிர்வெண் கூடக் கூட அலைநீளம் குறையும்.

100 மெகாஹெர்ட்ஸ் அளவிலான பண்பலை வானொலியின் அலைநீளம் 3 மீட்டர். திறன்பேசிகள் பயன்படுத்தும் 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். ஐந்தாம் தலைமுறைத் தொடர்பில் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் நீளமுடையது. 28 கிகாஹெர்ட்ஸ் அலையோ ஒரு சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு விரல்நகத்தின் அகலம்.

இந்த நீளம் ஏன் முக்கியம்? கடலில் மரத்தூண்கள் மீது நிற்கும் கேலோங் எனும் மீன்பிடி மேடையை நினைத்துப் பார்க்கலாம். நீண்டு வரும் பெரிய அலை, தூண்கள் அங்கே இருப்பதையே அறியாததுபோல் அவற்றைக் கடந்து செல்லும். சிற்றலைகளோ தூணில் மோதி, வட்டமாக விரிந்து நாலாபுறமும் சிதறும். வானொலி அலைகளும் அவ்வாறே நடந்துகொள்கின்றன. தன் நீளத்தைவிட மிகச் சிறிய பொருளை அலை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. தன் நீளத்திற்கு இணையான அல்லது அதனினும் பெரிய பொருளில் மோதினால் சிதறிவிடுகிறது. 3 மீட்டர் அலைக்கு ஓர் இலை ஒரு பொருட்டே அன்று. ஒரு சென்டிமீட்டர் அலைக்கோ ஒவ்வோர் இலையும் ஒரு தடை, காம்பும் தடை, சிறு கிளையும் தடை.

மரத்தினுள் நிகழ்பவை

மரத்தை அடையும் அலைக்கு முதன்மையாக இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, ஆற்றல் உறிஞ்சப்படுதல். பச்சை இலையிலும் உயிருள்ள மரத்திலும் நீர் மிகுந்துள்ளது. மின்காந்த அலையின் ஆற்றலை உள்வாங்கி வெப்பமாக மாற்றும் இயல்பு நீருக்கு உண்டு. நுண்ணலை அடுப்பில் உணவு சூடாவதும் இந்த இயல்பினால்தான். திறன்பேசி அலை மிக மெலிந்தது என்பதால் இலை சூடாவதை யாராலும் உணர முடியாது. எனினும் அலை தன் ஆற்றலின் ஒரு பகுதியை அங்கே இழந்துவிடுகிறது.

இரண்டாவது, சிதறல். இலை, கிளை, தண்டு ஆகியவற்றில் மோதிய அலை பல திசைகளில் பிரிந்து செல்கிறது. இங்கு ஆற்றல் அழிவதில்லை. வழி மாறுகிறது, அவ்வளவே. சிதறிய அலையின் ஒரு பகுதி பின்னோக்கித் திரும்பலாம்; ஒரு பகுதி பக்கவாட்டில் செல்லலாம்; மற்றொரு பகுதி வேறொரு மரத்தில் மோதி, சுற்றுவழியில் கருவியை வந்தடையலாம். ஆகவே, காட்டினுள் இருக்கும் கருவிக்கு ஒரே செய்தி பல வழிகளில் வந்து சேர்கிறது. அவ்வாறு வரும் அலைகளில் ஒன்றின் முகடும் மற்றொன்றின் முகடும் இணைந்தால் அலை வலுப்பெறும். முகடும் பள்ளமும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காட்டில் தொடர்பு கிடைக்காதபோது ஓரடி நகர்ந்து நின்றால் திடீரெனக் கிடைப்பது இதனால்தான்.

மரம் நிற்கும் விதமும் ஒரு காரணியாகும். தண்டுகள் செங்குத்தாக நிற்கின்றன. அதனால், குறைந்த அதிர்வெண்களில், செங்குத்தாக அதிரும் அலைகள் கிடையாக அதிரும் அலைகளைவிட அதிக ஆற்றலை இழக்கின்றன. அதிர்வெண் உயரும்போது, எல்லாப் பக்கமும் நீளும் இலைகளும் கிளைகளுமே தடையாகிவிடுவதால், இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

அளக்கும் முறை

இத்தனை நிகழ்வுகளும் ஒருங்கே நடக்கும் இடத்தில் எதை, எப்படி அளப்பது? அடிப்படை முறை எளிமையானது. காட்டின் ஓரிடத்தில் அலைபரப்பி ஒன்றை நிறுவுவர். அது ஒரே வலிமையில், ஒரே அதிர்வெண்ணில் இடைவிடாது அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். அலைவாங்கியைச் சுமந்து செல்லும் ஆய்வாளர்கள் 10 மீட்டர், 20 மீட்டர், 50 மீட்டர், 100 மீட்டர் எனப் பல தூரங்களில் நின்று, வந்துசேரும் அலையின் வலிமையைப் பதிவு செய்வர்.

ஆனால் இந்த அளவு மட்டும் போதாது. விளக்கிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வெளிச்சம் மங்குவதுபோல், திறந்த வெளியிலும் தூரம் கூடினால் அலை மெலியும். தூரம் இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, மரமில்லாத திடலில் அதே கருவிகளை வைத்து, அதே தூரங்களில் மீண்டும் அளப்பர். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் மரங்களால் ஏற்பட்ட இழப்பு. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், தூரத்தின் குற்றத்தை மரத்தின்மீது சுமத்த நேரும்.

ஒவ்வோரிடத்திலும் ஒரு முறை மட்டும் அளப்பதும் தவறான முடிவைத் தரும். ஓரடி நகர்ந்தாலே வலிமை மாறிவிடும் அல்லவா? எனவே, அலைவாங்கியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல அளவுகளை எடுத்துச் சராசரி காண்பர். குறுகிய திசையில் மட்டும் அலையைப் பெறும் ஆன்டெனாவை மெல்லச் சுழற்றினால், எந்தெந்தத் திசைகளிலிருந்து சிதறிய அலைகள் வருகின்றன என்பதும் தெரியவரும்.

தொடர்ச்சியான அலைக்குப் பதிலாக மிகக் குறுகிய துடிப்புகளை அனுப்புவது இன்னொரு முறை. ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோநொடி. அந்த நேரத்தில் அலை 30 சென்டிமீட்டர் தூரம் செல்லும். நேர்வழியில் வந்த துடிப்புக்கு 100 நானோநொடி கழித்து இன்னொரு துடிப்பு வந்தால், அது 30 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தது என்று பொருள். இவ்வாறு, கண்ணுக்குப் புலப்படாத அலை எந்த வழியே வந்தது என்பதைக் காலத்தைக் கொண்டு கணிக்கலாம்.

அலையை மட்டும் அளந்தால் ஆய்வு நிறைவு பெறாது. மரங்களையும் அளக்க வேண்டும். மரங்களுக்கு இடையிலான தூரம், தண்டின் சுற்றளவு, இலைகளின் அளவு, நிலத்தின் ஈரம், அன்றைய காற்றின் வேகம், மழை ஆகிய அனைத்தும் குறிப்பேட்டில் இடம்பெறும். இவை இல்லாத அலைக் கணக்கு, நோயாளியின் பெயர் எழுதாத மருத்துவ அறிக்கையைப் போன்றது.

எண்கள் சொல்லும் செய்தி

அலையின் இழப்பை டெசிபல் என்னும் அலகில் குறிப்பர். இழப்பு 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு ஆற்றல் எஞ்சியுள்ளது. 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு. 30 டெசிபல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

1982ஆம் ஆண்டு மார்க் வெய்ஸ்பெர்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர், அதுவரை கிடைத்திருந்த அளவீடுகளைத் தொகுத்து ஒரு சூத்திரத்தை உருவாக்கினார். அதன்படி, ஒரு கிகாஹெர்ட்ஸ் அலை 100 மீட்டர் அடர்ந்த மரங்களைக் கடந்தால் சுமார் 20 டெசிபல் இழக்கிறது. அப்படியானால் 200 மீட்டரைக் கடந்தால் எவ்வளவு இழக்கும்? முதல் 100 மீட்டர் நூறில் ஒரு பங்கை விட்டுவைத்தது. அடுத்த 100 மீட்டரும் அவ்வாறே செய்தால், பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் எஞ்ச வேண்டும். அதாவது, இழப்பு 40 டெசிபலாக இருக்க வேண்டும். ஆனால் சூத்திரம் தரும் விடை 30 டெசிபல் மட்டுமே. எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு ஆற்றல் வந்து சேர்கிறது.

இதற்குச் சிதறலே காரணம். நேராகச் செல்லும் அலை விரைவில் மெலிந்துவிடுகிறது. ஆனால் சுற்றிலும் உள்ள மரங்களில் மோதிச் சிதறிய அலைகளில் ஒரு பகுதி முன்னோக்கி வந்து, அந்த இழப்பைச் சிறிது ஈடுசெய்கிறது. தடையாக நின்ற மரங்களே அலையைக் கைமாற்றி அனுப்பவும் செய்கின்றன.

அதே சூத்திரம் அதிர்வெண்ணின் விளைவையும் காட்டுகிறது. 100 மீட்டர் மரங்களைக் கடக்கும்போது 700 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 18 டெசிபல் இழக்கிறது. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 28 டெசிபல் இழக்கிறது. 28 கிகாஹெர்ட்ஸ் அலையின் இழப்போ 51 டெசிபல். 100,000இல் ஒரு பங்குகூட எஞ்சுவதில்லை. மரங்கள் நிறைந்த ஊர்ப்புறங்களுக்குக் குறைந்த அதிர்வெண் அலைகள் ஏன் ஏற்றவை என்பது இதனால் விளங்கும்.

மரவுச்சியின் மேல் ஒரு வழி

வெப்பமண்டலக் காட்டில் வானொலித் தொடர்பு பெறுவது எவ்வளவு கடினம் என்பது இவ்வட்டாரத்தில் முன்னரே உணரப்பட்டது. மலாயாவில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அடர்ந்த காட்டுக்குள் சென்ற படையினர் தங்கள் தளத்தோடு தொடர்புகொள்ள நீளமான கம்பிகளை மரக்கிளைகளில் கட்டி ஆன்டெனாவாகப் பயன்படுத்தினர். பல பத்து மீட்டர் நீளமுள்ள அலைகளை வானை நோக்கி அனுப்பினால், அவை வளிமண்டலத்தின் உயரத்தில் உள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும். மரங்களை ஊடுருவிப் போராடுவதற்குப் பதிலாக, அவற்றுக்கு மேலே சென்று இறங்கும் உத்தி இது.

1960களில் தாய்லாந்தின் பாக் சோங் பகுதிக் காட்டில் அமெரிக்க ஆய்வுக் குழுவினர் விரிவான அளவீடுகளை மேற்கொண்டனர். தரையருகே வைக்கப்பட்ட கருவிகளிலும் உயரத்தில் வைக்கப்பட்ட கருவிகளிலும் அலையின் வலிமையைப் பல அதிர்வெண்களில் பதிவு செய்தனர். காட்டுக்குள் தொலைவில் உள்ள கருவிக்கு, மரங்களை ஊடுருவி நேராக வரும் அலை எட்டியிருக்கவே முடியாத இடங்களிலும் ஓரளவு அலை கிடைப்பது கவனத்தை ஈர்த்தது. இதற்குத் தியோடர் தமிர் என்ற அறிஞர் 1967இல் விளக்கம் அளித்தார். அலைபரப்பியிலிருந்து புறப்பட்ட அலை முதலில் மேலெழுந்து மரவுச்சியை அடைகிறது; பிறகு இலைக்கூரையின் மேற்பரப்பை ஒட்டியே வெகுதூரம் பயணம் செய்கிறது; இறுதியில் கீழிறங்கி அலைவாங்கியைச் சேர்கிறது. சுமார் 200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளுக்கு இவ்வழி மிகவும் முக்கியமானது என்பதையும் அவர் காட்டினார்.

இந்த விளக்கத்தில் நடைமுறைப் பயன் ஒன்று அடங்கியுள்ளது. காட்டில் இருக்கும் ஒருவர் தம் ஆன்டெனாவை மரவுச்சியை நோக்கிச் சில மீட்டர் உயர்த்தினாலே, அலை ஏறி இறங்க வேண்டிய இலையடர்த்தி குறைகிறது. அதனால் தொடர்பு மேம்படுகிறது.

இவ்வட்டார மரங்களை இங்கேயே அளத்தல்

வெய்ஸ்பெர்கரின் சூத்திரம் மிதவெப்ப மண்டல நாடுகளின் அடர்ந்த, உலர்ந்த, இலையுள்ள மரங்களுக்காக உருவானது. அங்கே குளிர்காலத்தில் பல மரங்கள் இலைகளை உதிர்த்துவிடுகின்றன. ஒரு கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலை, இலையற்ற மரங்களைவிட இலையுள்ள மரங்களில் மீட்டருக்குச் சுமார் 20 விழுக்காடு அதிக டெசிபலை இழப்பதாக அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அத்தகைய குளிர்காலம் இல்லை. ஆண்டுக்கொரு முறை இலை உதிர்க்கும் ரப்பர் மரம் போன்ற சிலவற்றைத் தவிர, காடு எப்போதும் பசுமையாகவே இருக்கிறது. மாறாக, இங்கே அடிக்கடி பெய்யும் மழையும் ஈரமும் உண்டு. ஆகவே, அங்கே பிறந்த சூத்திரத்தை இங்கே அப்படியே நம்பிக் கோபுரம் கட்டினால் கணக்குப் பிழைத்துப்போகக்கூடும்.

சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்குறையைப் போக்க முனைந்தனர். அவர்கள் வெப்பமண்டல மரங்களிடையே தரையருகே கருவிகளை வைத்து 240, 700 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் அளவீடுகள் எடுத்து, 2009ஆம் ஆண்டளவில் முடிவுகளை வெளியிட்டனர். காற்று வலுக்கும்போது கிளைகள் அசைந்து அலையின் வழிகள் கணந்தோறும் மாறுவதால், வந்துசேரும் அலையின் ஏற்ற இறக்கமும் கூடுவதை அவர்கள் பதிவு செய்தனர். மழையின் விளைவையும் ஆராய்ந்தனர். மேலும், மரவுச்சியை ஒட்டிச் செல்லும் அலையின் பங்கையும் சேர்த்துப் பழைய சூத்திரத்தைத் திருத்தி அமைத்தனர்.

செம்பனைத் தோட்டங்களில் இத்தகைய அளவீடுகள் மேலும் ஒரு பயனைத் தருகின்றன. மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து கம்பியின்றி அனுப்பும் உணர்கருவிகளைத் தோட்டத்தில் பொருத்தும்போது, அவற்றை எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்ற கேள்வி எழும். மட்டைகள் நிறைந்த உயரத்தில் ஆன்டெனா இருந்தால் தடை மிகுதி. தண்டுகள் மட்டுமே உள்ள உயரத்தில் இருந்தால் தடை குறைவு. கன்று வளர்ந்து மரமாகும்போது இந்த உயரமும் மாறும். எனவே, இளங்கன்றுகள் உள்ள தோட்டத்தில் எடுத்த அளவு, முதிர்ந்த மரங்கள் உள்ள தோட்டத்திற்குப் பொருந்தாது.

தடையே தகவலாதல்

அலை சிதறுவது தொடர்புக்கு இடையூறு. ஆனால் அதே சிதறல், காட்டைப் பற்றி அறிய விரும்புவோர்க்கு ஒரு வாய்ப்பாகிறது. காட்டின்மீது அலையை அனுப்பி, திரும்பி வரும் சிதறலை அளந்தால், அங்கே எவ்வளவு மரம் இருக்கிறது என்பதைக் கணிக்கலாம்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2025 ஏப்ரல் 29ஆம் நாள் பயோமாஸ் என்னும் துணைக்கோளை விண்ணில் செலுத்தியது. அதன் ராடார் சுமார் 70 சென்டிமீட்டர் நீளமுள்ள அலைகளைப் பயன்படுத்துகிறது. இந்த நீண்ட அலைகள் இலைகளையும் சிறு கிளைகளையும் ஊடுருவிச் சென்று, தண்டுகளிலும் பெருங்கிளைகளிலும் பட்டுத் திரும்புகின்றன. மரத்தின் எடையில் பெரும்பகுதி அங்குதான் உள்ளது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம் என்பதால், காடு எவ்வளவு கரிமத்தைச் சேமித்து வைத்துள்ளது என்பதையும் இதன்வழி மதிப்பிடலாம். அதே ஆண்டு ஜூலை 30ஆம் நாள், இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிசார் துணைக்கோள் ஏவப்பட்டது. இந்திய, அமெரிக்க விண்வெளி நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய இக்கோளின் ராடார்களில் ஒன்று 24 சென்டிமீட்டர் அலையைப் பயன்படுத்துகிறது. மேகம் மூடியிருந்தாலும் இரவானாலும் இவ்வலைகள் காட்டைக் காண வல்லவை. ஆண்டின் பெரும்பகுதி மேகம் சூழ்ந்திருக்கும் வெப்பமண்டலக் காடுகளுக்கு இது பெரிய நன்மை.

எனினும், துணைக்கோள் நேரடியாகத் தருவது சிதறலின் வலிமையை மட்டுமே. மரத்தின் எடையை அன்று. சிதறலின் எந்த அளவு எத்தனை டன் மரத்தைக் குறிக்கிறது என்பதை அறிய, மனிதர்கள் காட்டுக்குள் சென்று, நாடாவைக் கொண்டு ஒவ்வொரு மரத்தின் தண்டையும் மார்பளவு உயரத்தில் அளந்தாக வேண்டும். விண்ணில் பறக்கும் கருவியின் கணக்கும் மண்ணில் நிற்கும் மரத்தின் அளவைக் கொண்டுதான் சரிபார்க்கப்படுகிறது.

கோபுரம் கட்டுவோருக்கும் மீட்புப் பணியாளர்க்கும் தோட்டத்தாருக்கும் காட்டைக் காப்போருக்கும் தேவைப்படுவது இந்த அளவீடே. காடு அலையை முற்றிலும் மறிக்கும் சுவர் அன்று. தடையின்றித் திறந்த வெளியும் அன்று. அது நீண்ட அலைக்கு ஒருவிதமாகவும் குறுகிய அலைக்கு வேறுவிதமாகவும் வழிவிடுகிறது. வெயிலில் ஒன்றாகவும் மழையில் மற்றொன்றாகவும் விளங்குகிறது. எந்த அலைக்கு எந்தக் காடு எவ்வளவு வழிவிடும் என்பதை, அந்தக் காட்டுக்குள் கருவியைச் சுமந்து சென்று அளந்தவர்களே சொல்ல முடியும்.